பெரியவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பேசியவர்கள் ‘செட்டில்மென்ட் ஒர்க்கர்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு பார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, மருத்துவ அட்டை வாங்க, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று காட்டிக்கொடுக்க, சம்பளத்துக்கு ஓர் ஆள். டொராண்டோ பக்கம் இந்த வேலையில் தமிழர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள். வயதான காலத்தில் பிள்ளைகளிடம் வந்து சேரும் அப்பா அம்மாக்களுக்கு எப்படித் துணையாக இருப்பது என்று இவர்களுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு.

போன மாதம் ஒரு நண்பர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நம்ம நாட்ல இதெல்லாம் ஏது சார்?” என்று முடித்தார். அவர் மயூர் விஹாரில் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது அம்மாவைக் கும்பகோணம் பக்கத்திலிருந்து கூட்டிவந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ‘ஏது’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் சமூகப்பணி என்ற படிப்பு வேர் பிடித்ததே, வீடு வாசலை விட்டு வந்த லட்சக்கணக்கானவர்களைக் குடியமர்த்திய வேலையில்தான். அதுவும் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் தில்லியிலும், இங்கிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குருக்ஷேத்திரத்திலும்.

நான் படித்தது சமூகப்பணி. தில்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் இளம் ஊழியர்களுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அரை நாள் வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அதற்காகச் சேர்த்து வைத்த குறிப்புகளில் பாதி சரித்திரம். நண்பரிடம் போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போய், சிகாகோவிலிருந்து தொடங்க வேண்டும். ‘செட்டில்மென்ட்’ என்ற சொல்லுக்கு முதலில் வேறு அர்த்தம் இருந்தது. படித்த, வசதியான இளைஞர்கள் ஏழைகள் வாழும் பேட்டையில் தாங்களே போய்க் குடியிருப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். லண்டனின் கிழக்குப் பகுதியில் 1884ல் டாய்ன்பீ ஹால் இப்படி ஆரம்பித்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜேன் ஆடம்ஸ், தன் தோழி எல்லன் ஸ்டாருடன் சேர்ந்து 1889ல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலி, கிரீஸ், ருஷ்யா என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம், சமையல், தையல், குழந்தைகள் காப்பகம் என்று எல்லாம் நடந்தது. எல்லாமே இளையவர்களுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும். பிள்ளைகள் மளமளவென்று அமெரிக்கர்களாகிக்கொண்டிருந்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்து வெட்கப்படவும் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு நாள் தெருவில் நடந்து போகும்போது, ஒரு இத்தாலியக் கிழவி வாசலில் உட்கார்ந்து கைத்தக்கிளியில் நூல் நூற்றுக்கொண்டிருப்பதை ஆடம்ஸ் பார்க்கிறார். அதிலிருந்து 1900ல் ஹல் ஹவுஸில் ‘லேபர் மியூசியம்’ என்று ஒன்று வந்தது. பெயர்தான் மியூசியம். உள்ளே இருந்தவை கண்ணாடிப் பெட்டிகள் அல்ல, வேலை செய்யும் கிழவிகள். ஒவ்வொரு நாட்டுப் பெரியவர்களும் தங்கள் ஊரில் எப்படி நூற்றார்கள், எப்படி நெய்தார்கள் என்று எல்லோர் முன்னிலும் செய்து காட்டுவார்கள். ஆடம்ஸ் 1910ல் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு இத்தாலியப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். சனிக்கிழமைதோறும் அம்மாவும் மகளும் சேர்ந்துதான் வருவார்கள். அம்மா நூற்றுக் காட்ட, மகள் சமையல் வகுப்புக்கு. ஆனால் தலையில் துணி கட்டிய நாட்டுப்புற அம்மாவோடு யாரும் தன்னைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று, அம்மாவை முன்வாசலில் விட்டுவிட்டு மகள் பக்கவாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவாள். ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கூட்டம் ஒன்று அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, கைவேலையைப் பார்த்து அசந்து போய்ப் பேசுவதை மகள் கேட்டாள். அதற்குப் பிறகு அவளும் முன்வாசல் வழியாகவே வந்தாள்.

நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய கதை. குர்காவ்ன் அடுக்குமாடி லிஃப்டில் இன்றைக்கும் பார்க்கலாம் :-)

இந்தச் சிகாகோ சங்கதி இந்தியாவுக்கு வந்தது கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் மூலம். அவர் சிகாகோவில் படித்தவர். 1920களில் பம்பாய் நாக்பாடாவில், ஆலைத் தொழிலாளர்களும் துறைமுகக் கூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில், ‘நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்’ என்று ஒரு செட்டில்மென்ட் ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று புரிந்தது. டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் 1936ல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது. இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அதாவது டிஸ். 1941ல் மான்ஷார்ட்டுக்குப் பிறகு அதற்கு இயக்குநரானவர் ஜே.எம். குமரப்பா. நம் தஞ்சாவூர்க் குடும்பம். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். (தம்பியை அறிந்தவர்கள் கூட அண்ணனை மறந்துவிட்டோம். அவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.)

தில்லியில் இருக்கும் சமூகப்பணிக் கல்லூரிக்கு வேறு வரலாறு. 1946ல் ஒய்.டபிள்யூ.சி.ஏ. லக்னோவில் ஆரம்பித்து, 1947ல் தில்லிக்கு மாற்றியது. மாற்றிய வருஷத்தைக் கவனியுங்கள்.

தேசப் பிரிவினையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணாகச் சொன்னால்தான் உறைக்கும். 1951 மக்கள்தொகைக் கணக்கில் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று பதிவானவர்கள் எழுபது லட்சத்துக்கு மேல். தில்லியில் மட்டும் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1941ல் தில்லியின் மொத்த ஜனத்தொகையே சுமார் ஒன்பது லட்சம்தான். புராணா கிலாவுக்குள் கூடாரம், கிங்ஸ்வே கேம்ப்பில் பாரக்குகள். குருக்ஷேத்திரத்தில் கூடாரங்களாலேயே ஒரு நகரம், அதில் சுமார் மூன்று லட்சம் பேர். அந்த ஒரு முகாமுக்கே நாளைக்கு நூறு டன் மாவு வேண்டியிருந்தது. ராத்திரியில் திரை கட்டி மிக்கி மௌஸ் படம் காட்டினார்கள். (எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்களுக்கு மிக்கி மௌஸா என்று தோன்றும். இரண்டு மணி நேரமாவது மறந்து இருந்தார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.)

பம்பாய்க் கல்லூரியிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் இந்தக் குருக்ஷேத்திர முகாமுக்கு வந்தார்கள். தில்லிக்கு மாறி வந்த கல்லூரிக்கோ முகாம்கள் கூப்பிடு தூரம். வகுப்பில் படித்தது அமெரிக்க முறை: ஒருவரோடு தனியாக உட்கார்ந்து, பொறுமையாக அவர் கதையைக் கேட்டு, குறிப்பெடுத்து, அடுத்த வாரம் மறுபடி சந்திப்பது. இங்கே அடுத்த வாரம் அந்தக் கூடாரத்தில் அதே ஆள் இருப்பாரா என்பதே நிச்சயம் கிடையாது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் கம்பளிக் கணக்கு எழுதி, காணாமல் போனவர் பட்டியல் தயாரித்து, பால் பவுடர் கரைத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். குடியமர்த்தும் ஊழியர்களுக்கு இந்த நாட்டில் நடந்த முதல் பெரிய பயிற்சி முகாம் என்று இதைத்தான் நான் சொல்வேன்.

சரி, இதில் பெரியவர்கள் எங்கே வருகிறார்கள்?

அரசாங்கத்துக்கு எல்லோரையும் ஏதாவது ஒரு தலைப்பில் எழுத வேண்டியிருந்தது. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் ஒரு பக்கம். இவர்களுக்கு நிலம், கடன், தொழிற்பயிற்சி, கடை வைக்க இடம். ஆண் துணை இல்லாத பெண்கள், அநாதைக் குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு ‘இல்லங்களும் இன்ஃபர்மரிகளும்’. மறுவாழ்வு அமைச்சகத்தில் பெண்களுக்கென்று இருந்த பிரிவை ராமேஷ்வரி நேரு நடத்தினார். ஜலந்தரில் காந்தி வனிதா ஆசிரமம், தில்லி லாஜ்பத் நகரில் கஸ்தூர்பா நிகேதன் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. தையல், எம்பிராய்டரி என்று சொல்லிக்கொடுத்து ஆயிரக்கணக்கான பெண்களை நிமிர வைத்த இடங்கள். அதைக் குறைத்துச் சொல்லவே முடியாது.

ஆனால் அந்தக் காலத்து மந்திரமே உழைப்புதான். குருக்ஷேத்திர முகாமிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நீலோகேரியில் ஒரு சதுப்பு நிலத்தில் எஸ்.கே. டே என்ற என்ஜினீயர் 1948ல் புது ஊர் கட்டினார். வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் கையாலேயே ஃபரீதாபாத்தைக் கட்டினார்கள். இலவசச் சோறு மனுஷனைக் கெடுத்துவிடும், வேலை கொடு என்பதுதான் இரண்டு இடத்திலும் கொள்கை. நல்ல கொள்கைதான். அறுபத்தெட்டு வயதுக்காரர் அதில் எங்கே நிற்பார்? மகன் இருந்தால், மகனின் ரேஷன் அட்டையில் ஒரு எண்ணிக்கை. மகன் இல்லையென்றால் இன்ஃபர்மரியில் ஒரு கட்டில்.

வங்காளத்தில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களில் வயதானவர்கள், உடல் நலிந்தவர்கள், ஊனமுற்றவர்கள், சம்பாதிக்கும் ஆண் இல்லாத குடும்பத்துப் பெண்கள் இவர்களுக்கெல்லாம் கோப்பில் ‘பெர்மனென்ட் லயபிளிட்டி’ என்று பெயர். நிரந்தரச் சுமை! அவர்களை வைத்திருந்த இடங்கள் பி.எல். கேம்ப். நதியா மாவட்டத்தில் கூப்பர்ஸ் கேம்ப், துபுலியா எல்லாம் இந்த வகையில் பேர்போனவை. எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். பட்ஜெட் போட்டவருக்கு அந்த வார்த்தை கைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் ஊழியரிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து அனுப்பும்போது, போய்ப் பார்க்கும் முன்பே ‘இந்தக் கிழவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை’ என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்?

இதே காலத்தில், இதே பஞ்சாபிகளிடையே, நேர் எதிரான ஒன்றும் நடந்தது. அதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன்.

மேற்குப் பஞ்சாபில் நிலத்தை விட்டுவிட்டு வந்த விவசாயிகளுக்குக் கிழக்குப் பஞ்சாபில் நிலம் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு இருந்தது? ஆவணங்கள் எல்லையின் அந்தப் பக்கம். தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தலைமையில் ஜலந்தரில் ஒரு பெரிய அலுவலகம், சுமார் ஏழாயிரம் ஊழியர்கள். 1948 தொடக்கத்தில் ஒரு மாதத்துக்குள் ஐந்து லட்சம் உரிமைக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. சரிபார்த்த முறைதான் அழகு. ஒரே ஊரிலிருந்து வந்தவர்களையெல்லாம் ஒரு இடத்தில் கூட்டி, அதிகாரி ஒவ்வொரு கோரிக்கையையும் உரக்கப் படிப்பார். கூட்டம் ஆமாம் என்கும், இல்லை என்கும், திருத்தும். அந்தக் கூட்டத்தில் யார் வார்த்தை எடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்தக் கிணற்றுக்கு மேற்கே யார் வயல், அண்ணன் தம்பி எந்த வருஷம் பாகம் பிரித்தார்கள், எது அடமானத்தில் இருந்தது என்பதெல்லாம் இருபது வயதுக்காரனுக்கா தெரியும்? கூடாரத்தில் ‘இன்னொரு வாய்’ என்று இருந்த தாத்தா, அந்த மைதானத்தில் ஊருக்கே பட்டா புத்தகம்.

சிகாகோவின் நூற்கும் கிழவியும் ஜலந்தரின் பட்டா தாத்தாவும் எனக்கு ஒரே ஆள்தான். இரண்டு இடத்திலும் பெரியவரிடம் இருப்பதை நாலு பேர் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி ஒரு ஏற்பாடு இருந்தது. கட்டில் கொடுப்பதை விடக் கஷ்டமான வேலை இது. பயிற்சி தேவைப்படுவதும் இதற்குத்தான்.

மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் தில்லிக்கு வந்த புதிதில் ராஜேந்திர நகரில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தேன். (மொட்டைமாடி அறை. மழைக்கும் வெயிலுக்கும் சம உரிமை.) அது அகதிகளுக்காக உருவான காலனி. வீட்டுக்காரரின் அப்பாவுக்கு அப்போதே எண்பதுக்கு மேல். தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு ‘மிலாப்’ படிப்பார். உருதுப் பத்திரிகை. நெற்றியில் திலகம் வைத்த ஒரு இந்துப் பெரியவர் உருது படிப்பது எனக்கு அப்போது விநோதமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பிரிட்டிஷ் பஞ்சாபில் பள்ளிக்கூடம், கோர்ட், கச்சேரி எல்லாம் உருதுதான். அந்தத் தலைமுறை ஆண்களில் பலருக்கு இந்தி எழுத்து வாசிக்க வராது. ‘மிலாப்’, ‘பிரதாப்’ எல்லாம் லாகூரிலிருந்து தங்கள் வாசகர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த பத்திரிகைகள். எல்லோரும் அவர்களைத் தில்லிக்காரர்கள் என்கிறோம். ஆனால் அந்தப் பெரியவர் சாகும் வரை பஸ் பலகையைப் பேரனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அவர் எழுதி வைத்திருந்த டைரிகளை வீட்டில் ஒருவராலும் படிக்க முடியவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாத்தாவின் கடிதத்தை வாசிக்க வரும் என்று இந்த இடத்தில் நான் கேட்கவில்லை. நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முகாம்கள் கலைந்த பிறகு அந்த அனுபவம் என்ன ஆயிற்று? நீலோகேரியில் கற்றது கிராம முன்னேற்றத் திட்டங்களுக்குப் போயிற்று. 1952ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு ஊழியர்களைத் தயார் செய்யும் இடமாக அந்த ஊர் மாறியது. டே 1956ல் அந்தத் துறைக்கு மந்திரியானார். கல்லூரிகள் குழந்தைகள் நலம், தொழிலாளர் நலம், மருத்துவமனைச் சமூகப்பணி என்று பிரிந்தன. முதியவர்களா, அதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். 1978ல் ஹெல்ப்பேஜ் இந்தியா வந்தது. 1982ல் வியன்னாவில் ஐ.நா.வின் முதுமை பற்றிய உலக மாநாடு. நம் அரசின் முதியோர் கொள்கை 1999ல்தான். முதியோர் பராமரிப்புக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை 2000ல் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஆரம்பித்தது. (அந்த நிறுவனம் 1961ல் தொடங்கும்போது அதன் வேலை சிறைச் சீர்திருத்தம். யாருக்கு எது வாய்க்கிறது பாருங்கள்!) 2007ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் சித்திரம் ஒன்றே: பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பிள்ளைகளின் பின்னாலேயே ஊர் விட்டு வந்த பெற்றோருக்கு இந்தச் சித்திரத்தில் இடம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எதற்காக இடம்பெயர்ந்தீர்கள் என்று கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் இருந்த பதில்கள்: வேலை, தொழில், படிப்பு, கல்யாணம், பிறந்த பிறகு, குடும்பத்தோடு, மற்றவை. எழுபது வயதில் மகள் வீட்டுக்கு வந்த அம்மா ‘குடும்பத்தோடு’ அல்லது ‘மற்றவை’. நிரந்தரச் சுமை என்பதை விட மரியாதையான தலைப்புதான். ஆனால் தனக்கென்று ஒரு கட்டம் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது.

கட்டம் இல்லாததால் பயிற்சியும் வேறு பக்கம் போய்விட்டது. முதியோர் பராமரிப்புக்கு வரும் பிள்ளைகள் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவார்கள், மறதி நோயின் அறிகுறி சொல்வார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். எதிரே இருக்கும் பாட்டிக்குத் தெருப் பெயர் தெரியாது, கடைக்காரர் பேசுவது புரியாது என்பது அவர்கள் படிவத்தில் வருவதில்லை. அதனால் என் வகுப்பில் முதல் வேலையாக ஒரு உதவித்தொகைப் படிவத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் நிரப்பச் சொல்வேன். பீகார், உத்தராகண்ட் பிள்ளைகள். முதலில் சிரிப்பார்கள். பிறகு போனை எடுத்துக் கேமராவில் மொழிபெயர்க்கப் பார்ப்பார்கள். போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன். ஆறாவது நிமிஷத்தில் அறை அமைதியாகிவிடும். தெரிந்தவர் யாரோ அவரைத் தேடிப் பார்க்கிற பார்வை ஒன்று வரும். அதைத்தான் அவர்கள் பார்க்கப் போகும் வீடுகளில் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு மேலே போவேன்.

அடுத்தது ஆஸ்பத்திரி. பன்னிரண்டு வயதுப் பேரனை மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிப் போகாதீர்கள் என்று ஊழியர்களுக்கும் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. டாக்டரிடம் பேரன் “பாட்டிக்கு அசதியா இருக்காம்” என்று மட்டும் இந்தியில் சொன்னான். பாட்டி அவனிடம் சொன்னதே அவ்வளவுதான். வேறென்ன சொல்வார்? நேரம் கடந்துதான் தெரிந்தது. மகளோ, மருமகளோ, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணோ யாராவது ஒருவர், வயது வந்தவராக.

காகித விஷயங்களும் உண்டு. ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க ஊருக்கு ஓட வேண்டியதில்லை; ஜீவன் பிரமாண் 2014லேயே வந்துவிட்டது. விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு 2021லிருந்து முகத்தைக் காட்டினாலும் போதும். வசதி குறைந்தவர்களுக்கு நிலைமை கடினம். ஊரில் வாங்கிய முதியோர் உதவித்தொகை கூடவே வராது. தில்லி அரசின் உதவித்தொகைக்கு ஐந்து வருஷமாவது இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அறுபத்தெட்டில் வந்தவர் எழுபத்து மூன்று வரை எதில் வாழ்வது?

இதெல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் படிவத்தில் நான் சேர்க்கச் சொல்லும் கேள்வி ஒன்று இருக்கிறது: ‘உங்களிடம் யாராவது எதையாவது கேட்டு வருகிறார்களா?’ மயூர் விஹார் நண்பரின் அம்மாவிடம் நானே கேட்டேன். “எனக்கு இங்க எல்லாம் இருக்கு தம்பி. மருமக தங்கம். ஆனா ஊர்ல ஒரு நாளைக்கு நாலு பேர் வந்து, ‘மாமி, இது எப்படிப் பண்றது, அமாவாசை என்னிக்கி’ன்னு கேப்பா. இங்க எல்லாரும் என்னைப் ‘பாத்துக்கறா’. யாரும் எதுவும் கேக்கறதில்ல” என்றார். எதிர்வீட்டு வங்காளிப் பெண் வடாம் போடுவது எப்படி என்று கேட்க, இப்போது மொட்டைமாடியில் இரண்டு பேரும் கை ஜாடையிலேயே கூழ் கிண்டுகிறார்கள்.

வடாம் போட மாடி இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பல பத்து வருஷங்களாக இருந்த தமிழர் குடியிருப்பு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1ம் தேதி சுமார் 370 வீடுகளை இடித்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் அதிகமானவர்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நரேலாவில், நகரத்தின் வடகோடியில். முப்பது வயதில் வேலை தேடித் தில்லி வந்து, வீட்டு வேலை செய்து, எழுபது வயதில் இரண்டாவது முறையாகக் குடிபெயர்ந்தவர்கள் இவர்கள். வேலை பார்த்த வீடுகள், பேரப்பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம், கடன் கொடுக்கும் மளிகைக்கடை எல்லாம் ஜங்புரா பக்கம்.

எங்கள் குழுவில் நரேலாவுக்குப் போகும் பிள்ளைகளில் தமிழ் தெரிந்தது ஒருத்திக்குத்தான். அவளும் மார்ச் மாதத்தோடு படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரமுடிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தமிழ் பேசத் தெரிந்து, இந்திப் படிவம் நிரப்பத் தெரிந்தால் போதும். மற்றதை அரை நாளில் சொல்லித் தருகிறோம். மஞ்சள் லைன் மெட்ரோவில் கடைசி நிலையமான சமய்பூர் பாத்லியில் காலை ஒன்பது மணிக்குக் கூடி, அங்கிருந்து சேர்ந்து போவோம்.